நேர்த்தி வைத்தும் கைகூடாதபோது

கொள்ளுப்பிட்டியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். நீண்ட கடிதம். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

கணவருக்குக் கணையத்தில் புற்றுநோய். கண்டுபிடித்ததிலிருந்து எட்டே மாதத்தில் போய்விட்டார். அந்த எட்டு மாதமும் வீடு முழுக்கச் செபம்தான். இவர் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் 13 செவ்வாய் போனார். கணவர் எழும்பி நடந்தால் கழுத்துச் சங்கிலியைக் காணிக்கையாகப் போடுவதாக நேர்ந்துகொண்டார். வெள்ளவத்தையில் இருக்கும் தாயார் சைவம். அவர் தன் பங்குக்கு வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தார். வீட்டுக்கு வந்த செபக்குழு ஒன்று, "சுகம் கிடைத்தாயிற்று, இனி விசுவாசித்தால் மட்டும் போதும்" என்று சொல்லிவிட்டுப் போனது. இப்போது கணவர் போய் ஐந்து மாதம். அதே குழுவிலிருந்த ஒரு பெண், "உங்கள் விசுவாசத்தில் எங்கேயோ குறை இருந்திருக்கும்" என்றாராம். தாயாரோ, "நேர்த்தியைச் செலுத்தாமல் விட்டால் பிள்ளைகளுக்கு ஆகாது" என்கிறார். 16 வயது மகன் இனிக் கோயில் பக்கமே வரமாட்டேன் என்று நிற்கிறான்.

என் விசுவாசம் போதவில்லையா, நேர்த்தி இன்னும் என் தலையில் இருக்கிறதா, இனி எதை நம்பிச் செபிப்பது என்று கேட்கிறார்.

சகோதரி, நேர்த்தியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றவற்றுக்கு வாழ்நாள் முழுக்கப் பதில் தேடலாம். இதற்கு மட்டும் எழுத்திலேயே பதில் இருக்கிறது.

1983இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் நேர்ச்சைகளுக்கென்று ஒரு பகுதி உண்டு. ஒரு நேர்ச்சை எப்போதெல்லாம் தானாக அற்றுப்போகிறது என்பதை அதில் 1194ஆம் சட்டம் சொல்கிறது. குறித்த காலம் கடந்துபோனால் அற்றுப்போகும். வாக்களித்த பொருள் அடியோடு மாறிப்போனாலும் அப்படித்தான். எந்த நிபந்தனையில் தங்கியிருந்ததோ அந்த நிபந்தனை நிறைவேறாமல் போனாலும் அப்படித்தான். நீங்கள் நேர்ந்தது "அவர் எழும்பி நடந்தால்" என்று. அவர் எழும்பவில்லை. ஆகவே நேர்த்தியும் இல்லை, கடனும் இல்லை. 13 செவ்வாய் போனது வேறு. அதற்கு நிபந்தனை எதுவும் வைக்கவில்லை, போனீர்கள், கொடுத்தீர்கள், அது முடிந்தது.

இதை வாசித்ததும் பயம் போய்விடும் என்று நான் நினைக்கவில்லை. நேர்த்திப் பயம் எழுத்துக்கு அடங்குவதில்லை, ஒரு மனிதர் முகத்தைப் பார்த்துச் சொன்னால்தான் அடங்கும். பங்குச் சுவாமியிடம் போங்கள். தனிப்பட்ட நேர்ச்சைகளிலிருந்து விடுவிக்கும் அதிகாரம் 1196ஆம் சட்டப்படி அவருக்கு உண்டு. தேவையே இல்லாத இடத்திலும் அவர் வாயால் "விட்டாயிற்று" என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. தாயாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சைவராயிருந்தாலென்ன, கொச்சிக்கடைக்குச் செவ்வாய்க்கிழமை வரும் சனத்தில் வேதக்காரர் மட்டுமா இருக்கிறார்கள்? அவருக்கு அவருடைய முறையிலேயே ஒன்று சொல்லலாம். காரியம் கைகூடினால் காவடி எடுப்பதாக நேர்ந்தவர், கைகூடாதபோது காவடி எடுக்கவில்லையென்று முருகன் வேலைத் தூக்கிக்கொண்டு பேரப்பிள்ளைகளிடம் வருவாரா? அம்மாவின் முருகன் அவ்வளவு மட்டமானவர் இல்லை.

பின்னொரு நாள் கணவரின் நினைவாக ஏதாவது கொடுக்க மனம் வந்தால் கொடுங்கள். ஆனால் பயத்தில் கொடுக்க வேண்டாம். வீட்டில் உழைப்பவர் போன முதல் வருடத்தில் தங்கம் பெட்டிக்குள் இருப்பதுதான் புத்தி. பள்ளிக்கூடக் கட்டணமும் வீட்டு வாடகையும் நேர்த்தியைப் போலத் தள்ளிப்போடக் கூடியவை அல்ல.

அடுத்தது விசுவாசக் குறை. இதைச் சொன்ன பெண்ணை நான் திட்டப் போவதில்லை. தங்கள் வீட்டில் இப்படி நடக்காமலிருக்க ஒரு காரணம் வேண்டும் என்பதற்காகத்தான் சனம் இப்படிச் சொல்கிறது. குறை உங்களிடம் என்றால் அவர்கள் தப்பினார்களே. ஆனால் சொன்னது பிழை. அவர்கள் கையில் வைத்திருக்கும் வேதப் புத்தகத்தின்படியே பிழை. கெத்சமனித் தோட்டத்தில் இயேசு மூன்று முறை ஒரே மன்றாட்டைச் செய்தார், கிண்ணம் அகலவில்லை. பவுல் தன் உடலில் தைத்த முள்ளை எடுக்கச் சொல்லி மூன்று முறை கேட்டார், முள் இருந்தபடியே இருந்தது. இவர்கள் இருவருக்கும் விசுவாசம் போதவில்லை என்று சொல்ல அந்தக் குழுவில் யாருக்காவது துணிவிருந்தால் உங்களுக்கும் சொல்லட்டும்.

செபத்தை மருந்துபோல அளந்து பார்க்கவும் முயன்றிருக்கிறார்கள். அமெரிக்காவில் 6 ஆஸ்பத்திரிகளில் இருதய பைபாஸ் சத்திரசிகிச்சை செய்துகொண்ட 1,802 பேரை வைத்து நடந்த ஆய்வு 2006இல் வெளியானது. யாரென்றே தெரியாத குழுக்கள் சிலருக்காகச் செபித்தன, சிலருக்காகச் செபிக்கவில்லை. சிக்கல் வந்தவர்கள் முதற்பிரிவில் 52 சதவீதம், மற்றதில் 51. இன்னொரு பிரிவினரிடம் "உங்களுக்காக நிச்சயம் செபிக்கிறார்கள்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தார்கள். அவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்தது. இதை வைத்துக் கடவுள் உண்டா இல்லையா என்று முடிவுகட்டுவது அபத்தம். நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: 13 செவ்வாய்க்குப் பதில் 26 போயிருந்தால் பிழைத்திருப்பாரோ என்று இரவில் கணக்குப் பார்க்கிறீர்களே, அந்தக் கணக்கை எந்தக் கடையிலும் யாரும் தீர்த்துத் தரமாட்டார்கள். கணையப் புற்றுநோய் வெளியே தெரிய வரும்போதே பெரும்பாலும் முற்றியிருக்கும். உறுப்பு வயிற்றின் ஆழத்தில் கிடக்கிறது, தொடக்கத்தில் நோவும் காட்டாது. டொக்டரிடம் கேட்டால் இதையே சொல்வார். மருத்துவக் காரணம் உள்ள ஒன்றுக்கு ஆன்மிகக் காரணம் தேடி உங்களை நீங்களே குற்றக்கூண்டில் ஏற்றாதீர்கள்.

கொச்சிக்கடையையே எடுங்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. காலை 8.45 மணியளவில் பூசைக்குள் குண்டு வெடித்தது. நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியவிலும் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும் அதே காலை. உங்கள் கொள்ளுப்பிட்டியில், காலி வீதி ஹோட்டல் ஒன்றிலும். அந்தச் சத்தம் உங்கள் வீட்டு யன்னலுக்கே வந்திருக்கும். நாடு முழுக்க 260 பேருக்கு மேல் இறந்தார்கள். சீயோனில் ஞாயிறு வகுப்பு முடித்த பிள்ளைகள். கொச்சிக்கடையில் இறந்தவர்கள் செபம் கேட்கப்படாமல் இறந்தவர்களா? செபித்துக்கொண்டிருந்தபோதே இறந்தவர்கள். அவர்களில் ஒருவருடைய விசுவாசத்தையும் இன்றுவரை யாரும் தராசில் வைத்ததாக நான் கேட்டதில்லை. உங்களுடையதை மட்டும் ஏன் வைக்க வேண்டும்?

அந்தக் கோயிலை 2019 ஜூன் 12ஆம் திகதி, திருவிழாவுக்கு முதல் நாள், திரும்பத் திறந்தார்கள். சனம் வந்தது. வந்தவர்கள் எல்லோரும் மனம் தேறி வந்தவர்கள் என்று சொல்ல மாட்டேன். வாசலில் மெழுகுதிரி கொளுத்தி, கண்ணாடிக்குள் இருக்கும் சுருவத்தில் கைலேஞ்சியை ஒற்றிக் கண்ணில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப்போகிறவர்களை அங்கே செவ்வாய்தோறும் பார்க்கலாம். அதுவும் செபம்தான்.

இன்னொரு பக்கமும் நடந்தது, அதைத்தான் எங்கள் பிரசங்கங்களில் யாரும் சொல்வதில்லை. உறவுகளை இழந்தவர்கள் "கடவுள் சித்தம்" என்று வீட்டில் இருந்துவிடவில்லை. முன்கூட்டியே வந்த புலனாய்வு எச்சரிக்கைகளை அதிகாரத்தில் இருந்தவர்கள் அலட்சியம் செய்தார்கள் என்று அடிப்படை உரிமை மனுக்கள் போட்டார்கள். 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும், பொலிஸ் மா அதிபராக இருந்தவரும் அரச புலனாய்வுச் சேவையின் பணிப்பாளராக இருந்தவரும் ஆளுக்கு ஏழரைக் கோடி. மனிதர் செய்த பிழையைக் கடவுள் கணக்கில் எழுதிவிட்டிருந்தால் இந்தத் தீர்ப்பு வந்திராது. கடவுளில் நம்பிக்கை வைப்பவர் வழக்கும் போடலாம், மருந்தும் எடுக்கலாம், கேள்வியும் கேட்கலாம்.

இனி எதை நம்பிச் செபிப்பது என்ற கேள்வி. கேட்டது கிடைத்தே தீரும் என்ற உறுதிதான் நம்பிக்கை என்று சின்ன வயதிலிருந்தே எங்களுக்குப் பழக்கிவிட்டார்கள். கிடைக்காத அன்று அந்த நம்பிக்கைக்கு நிற்க இடமில்லாமல் போகிறது. நான் நம்பிக்கை என்று நினைப்பது வேறு. கிடைக்காத பிறகும் கடவுளோடு பேச்சை நிறுத்தாமல் இருப்பது. சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கும் புருஷன் பெண்சாதியைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. மாதக்கணக்காக ஒருவருக்கொருவர் முகம் பார்க்காமல் "சோறு மேசையில்" என்று மட்டும் சொல்லிக்கொள்ளும் வீடுதான் பயப்படுத்தும்.

தாயாருக்குத் தெரிந்த கதை ஒன்று இங்கே உதவும். மன்னார் திருக்கேதீச்சரத்துக்குப் பதிகம் பாடிய சுந்தரர்தான். திருவொற்றியூரில் மனைவி சங்கிலியாருக்குக் கொடுத்த சத்தியத்தை மீறி ஊர் எல்லையைத் தாண்டியதும் அவருக்கு இரண்டு கண்ணும் போயிற்று. அது அவர் பிழைக்குக் கிடைத்தது, உங்கள் கதை அதுவல்ல. நான் எடுத்துக்கொள்வது அதற்கு அடுத்ததை. திருவெண்பாக்கம் கோயிலில் போய்க் கண்ணைக் கேட்கிறார். கண் வரவில்லை, ஊன்றுகோல் ஒன்று வருகிறது. நண்பனாகிய இறைவனிடம் கண் கேட்டவருக்குத் தடி! மனிதர் பணிந்து போகவில்லை, உள்ளே இருக்கிறீரா இல்லையா என்ற தொனியில் பதிகமே பாடிவிட்டார். தலத்துக் கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது: கோபத்தில் அந்தக் கோலை வீசினார், நந்தியின் கொம்பு ஒடிந்தது. பழைய கோயில் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது, வேறிடத்தில் எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். கொம்பு ஒடிந்த அந்த நந்தியை இன்றைக்கும் அங்கே காட்டுகிறார்கள். அவ்வளவு சண்டைக்குப் பிறகும் சுந்தரர் வீட்டுக்குத் திரும்பிவிடவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு அடுத்த கோயிலுக்கு, அங்கிருந்து காஞ்சிக்கு. காஞ்சியில் ஒரு கண், திருவாரூரில் மற்றது.

உங்களுக்குத் திருவாரூர் வரும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். இறந்தவர் வரப்போவதில்லை. ஆனால் கோல் என்று ஏதாவது வந்ததா என்று பாருங்கள். ஆஸ்பத்திரியில் இரவு நிற்க முறை வைத்து வந்த மச்சான், பாணும் பருப்பும் கொண்டுவந்து கதவில் தொங்கவிட்டுப்போன பக்கத்து வீட்டுக்காரி, சம்பளமில்லா லீவைக் கேள்வி கேட்காமல் தந்த மேலாளர். கோல் கண்ணுக்கு ஈடல்ல. "பார், கடவுள் இதையாவது தந்தாரே" என்று யாரும் சொன்னால் எரிச்சல் படுங்கள், அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நடக்க உதவுமென்றால் ஊன்றிக்கொள்ளுங்கள்.

செபிக்க வார்த்தை வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வரவழைக்க வேண்டாம். சங்கீதம் 88ஐ எடுத்து வாசியுங்கள். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு ஆறுதலுக்குத் திரும்பும்; இது திரும்பாது, இருட்டிலேயே முடிகிறது. கத்தோலிக்கத் திருச்சபை இந்தச் சங்கீதத்தை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரவுச் செபத்தில் வைத்திருக்கிறது. குருக்களும் கன்னியாஸ்திரிகளும் வாரந்தோறும் இதைச் சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போகிறார்கள். ஆகவே நீங்கள் நினைப்பதைச் சொல்வது தேவதூஷணம் இல்லை. வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள், வாய்விட்டு அழ முடியவில்லை என்றால் பின்னேரத்தில் மரைன் டிரைவுக்கு இறங்குங்கள். கரையோர ரயில் கடந்துபோகும் நேரத்தில் எவ்வளவு உரத்துக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்காது. சிரிக்காதீர்கள், பலருக்குச் சொல்லிப் பலன் கண்ட யோசனை.

சில மாதங்களுக்கு எதையும் கேட்காமல் இருந்து பாருங்கள். கோரிக்கை இல்லாத செபம் முதலில் வெறுமையாகத்தான் இருக்கும். ஒரு திரி கொளுத்தி, நடந்ததைச் சொல்லிவிட்டு எழும்புங்கள். அதுவும் முடியாத வாரத்தில் மற்றவர்கள் உங்களுக்காகச் செபிக்கட்டும், நீங்கள் சாப்பிட்டுத் தூங்குங்கள். தாவீது அரசன் நோயுற்ற குழந்தைக்காக ஏழு நாள் உண்ணாமல் தரையில் கிடந்தான். குழந்தை இறந்தது. எழும்பிக் குளித்தான், ஆண்டவரின் வீட்டுக்குப் போனான், வந்து சாப்பாடு கேட்டான். வேலைக்காரருக்கு அது விளங்கவேயில்லை. உங்கள் கடிதத்தில் சாப்பாட்டைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அதனால் கேட்கிறேன்: மத்தியானம் சாப்பிடுகிறீர்களா?

கிடைக்காத பிறகும் கேட்பதை நிறுத்தாதவர்களும் இருக்கிறார்கள். கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் கந்தசுவாமி கோயிலுக்கு முன்னால் 2017 பெப்ரவரி 20இல் கொட்டகை போட்டு உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டம் வருடக்கணக்காக நீண்டது. பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்ற ஒரே கேள்விக்குப் பதில் கிடைக்காமலேயே அவர்களில் பலர் கண்ணை மூடிவிட்டார்கள். அரசாங்கத்திடமும் கேட்டார்கள், முருகனிடமும் கேட்டார்கள், தேங்காய் உடைத்தும் முறையிட்டார்கள். அவர்களிடம் போய் "நம்பிக்கை வையுங்கள் அம்மா" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் இருந்த இருப்பை என்ன பெயர் சொல்லி அழைப்பதென்றும் தெரியவில்லை, ஆனால் என் அகராதியில் நம்பிக்கை என்ற சொல்லுக்கு எதிரே அந்தக் கொட்டகைதான் இருக்கிறது.

மகனைப் பற்றி. இதில் அவசரப்பட வேண்டாம். 16 வயதுப் பிள்ளை, "அப்பா சுகமாகிவிட்டார்" என்று பெரியவர்கள் வீட்டுக்குள் நின்று சத்தமாகச் சொன்னதைக் கேட்டான். பிறகு பெட்டியைப் பார்த்தான். அவனுடைய கோபம் கடவுளோடா, பெரியவர்களோடா என்று அவனுக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். மாமாவை விட்டுப் புத்தி சொல்ல வைக்காதீர்கள். "அப்பாவை ஆண்டவருக்குப் பிடித்துவிட்டது, எடுத்துக்கொண்டார்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். தனக்குப் பிடித்தவர்களைத் தூக்கிக்கொண்டு போகிற ஒருவரை எந்தப் பிள்ளை விரும்பும்? "எனக்கும் விளங்கவில்லை, எனக்கும் கோபம்தான்" என்று சொல்லுங்கள். உண்மை அதுதானே. அவன் வேதப் புத்தகம் படித்த பிள்ளையென்றால் ஒருநாள் மத்தேயு 11ஆம் அதிகாரத்தைக் காட்டலாம். சிறையில் கிடந்த திருமுழுக்கு யோவான், வரவேண்டியவர் நீர்தானா, இல்லை வேறொருவருக்குக் காத்திருக்க வேண்டுமா என்று ஆளனுப்பிக் கேட்கிறார். அப்படிக் கேட்ட மனிதரை இயேசு அதே இடத்தில் எல்லோருக்கும் முன்னால் உயர்த்திப் பேசுகிறார். ஆனால் யோவான் சிறையிலிருந்து வெளியே வரவில்லை என்பதையும் மறைக்காதீர்கள், மகன் எப்படியும் கண்டுபிடிப்பான்.

கோயிலுக்கு வராவிட்டாலும் இரவுச் சாப்பாட்டு மேசைக்கு வரவேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். வகுப்பாசிரியரிடம் நிலைமையைச் சொல்லி வையுங்கள். ஓ.எல். வருடம் என்றால் இன்னும் முக்கியம்.

செபக்குழுவுக்குச் சொல்ல ஒரு வசனம் தருகிறேன், அப்படியே சொல்லலாம்: "நீங்கள் வந்ததற்கு நன்றி. இனி விசுவாசத்தைப் பற்றி என்னிடம் கதைக்க வேண்டாம்." விளக்கம் தேவையில்லை. காணிக்கை கேட்டு வட்ஸ்அப்பில் வருகிற எண்களைத் தடைசெய்யுங்கள். இதை வாசிப்பவர் வீட்டில் இன்னும் நோயாளி ஒருவர் இருந்தால்: சுகமாகிவிட்டது என்று யார் சொன்னாலும் கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள், மருந்தை நிறுத்தச் சொல்பவரை வாசலிலேயே நிறுத்துங்கள்.

ஐந்து மாதத்தில் அழுகை வருவது நோயல்ல. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 6 மாதத்துக்கு மேலாகியும் அன்றாட அலுவலே பார்க்க முடியாதபடி நீடிக்கும் துயரத்துக்குத் தனிப் பெயர் உண்டு, அதற்குச் சிகிச்சையும் உண்டு. தூக்கம் அடியோடு போய்விட்டால், அவரிடமே போய்விடலாம் என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும், 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், 24 மணி நேரமும் எடுக்கலாம். 1974இலிருந்து இயங்கும் சுமித்ரயோவிலும் பெயர் கேட்காமலே கதைப்பார்கள். இதைப் பங்குச் சுவாமியிடம் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்றில்லை.

ஆண்டுத் திவசம் இன்னும் ஏழு மாதத்தில் வருகிறது. யார் யார் வரவேண்டும் என்பதை இந்த முறை நீங்களே தீர்மானியுங்கள், மாமியோ மச்சாளோ அல்ல. பூசைக்கு முன்கூட்டியே எழுதிவையுங்கள், தாயார் தன் முறைப்படி ஏதாவது செய்ய விரும்பினால் அதற்கு வேறொரு நாளைக் கொடுங்கள், இரண்டையும் ஒரே நாளில் இழுத்துப் போடாதீர்கள். சமையலை வெளியே ஓர்டர் கொடுத்துவிடுங்கள். மகன் பூசைக்கு வரவில்லை என்றால் வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் கதிரை போடச் சொல்லுங்கள். அந்த வேலைக்கும் ஆள் தேவைதான்.